நின்றுபோன ஒட்டுவேலை

இங்கிலாந்தின் சாட்டன் கிராமத்தில் நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் வாழ்ந்த வீட்டில், அவரும் தாயாரும் தமக்கை கசாண்ட்ராவும் சேர்ந்து தைத்ததாகக் கருதப்படும் ஒட்டுத்துணி விரிப்பு ஒன்று காட்சிக்கு உள்ளது. நடுவிலுள்ள பூக்கூடையைச் சூழ்ந்து சாய்சதுரச் சீட்டித் துண்டுகள் அணிவகுக்க, ஓரங்களில் அதே வடிவம் சிறுத்து நெருங்குகிறது. 1811 மே 31 அன்று, வெளியூர் சென்றிருந்த கசாண்ட்ராவுக்கு எழுதிய கடிதத்தில், துண்டுகள் சேகரித்தாயிற்றா என்று கேட்கும் ஆஸ்டின், வேலை நின்றுகிடப்பதாகத் தெரிவிக்கிறார். முடிந்துவிட்ட விரிப்போ அந்தத் தடங்கலைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இவ்வகை வேலை நடுவில் நின்றால் என்ன மிஞ்சும் என்பதை அதன் செய்முறையே தீர்மானிக்கிறது. வடிவமாக வெட்டிய காகிதத்தின்மேல் துணியை மடித்து நீளத் தையலால் பிடித்துக்கொண்டு, அடுத்தடுத்த துண்டுகளின் மடிப்போரங்களை நுண்ணிய தையலால் இணைத்து, நாற்புறமும் துண்டுகள் சேர்ந்தபின் காகிதத்தை உருவிவிடுவது வழக்கம். கைவிடப்பட்ட வேலையில் காகிதம் உள்ளேயே தங்கிவிடும். பழைய கடிதங்களையும் கணக்கேடுகளையும் வெட்டிப் பயன்படுத்தியிருந்தால், அவற்றில் காணும் தேதிக்கு முன்னர் அத்துண்டு தைக்கப்படவில்லை என்பதற்கு அதுவே சான்று. ஆகவே பிறர் விட்டதை முடிக்க முன்வருபவர், காகிதத்தை உருவுமுன் எழுத்துள்ள ஒவ்வொன்றையும் படமெடுத்து வைப்பதே முறை. அதற்குப் பொறுமையில்லாதவர் ஊசியைத் தொடாதிருப்பது நல்லது.

துணியையும் அவ்வாறே சோதிக்க வேண்டும். இரும்புச் சத்துக் கலந்த சாயமேற்றிய பழுப்பு, கருப்புத் துண்டுகள் காலப்போக்கில் இற்று, விரல்பட்டாலே பொடியாகும். அருகிலுள்ள வெள்ளைத் துணி உறுதியாகவே இருக்கும். பிரிந்த ஓரங்கள் நூல்நூலாகக் கழன்றுவிடுமாதலால், மேல்துணியைத் தனியே துவைப்பதும் ஆபத்து. மேல்துணி, பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்றையும் ஊடுருவி ஓடும் தையல்தான் ஒட்டுவேலையைக் குவில்ட் எனப்படும் பஞ்சுப் போர்வையாக்குகிறது. பழைய வகைப் பஞ்சில் இந்தத் தையல் வரிகள் விலகி ஓடினால், துவைக்கும்போது பஞ்சு திரண்டு முடிச்சிடும்.

முடித்துவைப்பவரின் ரசனை வெளிப்படுவது இங்கேதான். பழைய கையின் தையல் நுணுக்கமானது என்பதற்காக அதைப் போலி செய்வது, பெரும்பாலும் இறுகிப்போன, உயிரற்ற வரிகளையே தருகிறது. இற்றுப்போன துண்டுக்கு மாற்றாகப் பளபளக்கும் புதுத்துணியை வைத்தால் கண் அங்கேயே சிக்கிக்கொள்ளும். அச்சின் அளவும் வெளிறிய தன்மையும் ஒத்திருந்தால் தூரத்தில் போர்வை ஒன்றாகவும், அருகில் இரண்டு கைகளின் வேலையாகவும் தெரியும். அந்த வேறுபாட்டை மறைக்க முயலாத வேலையே மேலானது.