லுஸூமும் மெய் அட்டவணையும்

1973-இல் நபீல் ஷிஹாபி, இப்னு ஸீனாவின் 'அஷ்ஷிஃபா'விலுள்ள கியாஸ் பகுதியிலிருந்து நிபந்தனைக் கூற்றுகள் பற்றிய இயல்களை ஆங்கிலத்தில் தந்தார். அரிய பணி. எனினும் 'கூற்றுத் தர்க்கம்' என்று அவர் இட்ட தலைப்பு, 1921-இல் விட்கென்ஸ்டைனும் எமில் போஸ்ட்டும் வெளியிட்ட மெய் அட்டவணையை அங்கே தேடத் தூண்டுகிறது. கண்டுவிட்டதாகப் பெருமிதம் கொள்வோரும் உளர். அவ்வட்டவணையில் 'அ எனில் ஆ' பொய்யாவது, அ மெய்யாகவும் ஆ பொய்யாகவும் உள்ள ஒரே வரிசையில்தான். ஆகவே 'சூரியன் உதித்தால் பகல் உண்டு' என்பதும், 'மனிதன் பேசுவான் எனில் கழுதை கத்தும்' என்பதும் அதற்கு ஒன்றே. மன்திக் கலையோ முன்னதை லுஸூம், அதாவது இன்றியமையாத் தொடர்பு என்றும், பின்னதை இத்திஃபாக், வெறும் உடனிகழ்வு என்றும் பிரிக்கிறது. மேலும், 'எப்போதும்', 'சில வேளை' என நிபந்தனைக்கே அளவு கூறுகிறார் இப்னு ஸீனா. நான்கு வரிசைகளில் அதற்கு இடமில்லை.