பிட்சரை எப்போது மாற்றுவது? பேஸ்பாலின் விநோத வியூகங்களை ரசிக்க ஒரு வழிகாட்டி

2018 மே 19. கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் ஏஞ்சல்ஸ் அணிக்கு எதிராக டாம்பா பே ரேய்ஸ் அணியின் முதல் பந்தை வீச வந்தவர் செர்ஜியோ ரோமோ. வயது 35. சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியோடு மூன்று முறை உலகத் தொடரை வென்றவர். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் வந்து வெற்றியைப் பத்திரப்படுத்துவதுதான் அவர் தொழில். மேஜர் லீகில் அதுவரை ஒரு ஆட்டத்தைக்கூட அவர் தொடங்கியதில்லை. அன்று மைக் ட்ரவுட் உட்பட எதிரணியின் முதல் மூன்று பேட்டர்களையும் ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்குகளில் அவுட்டாக்குவது) செய்தார். அத்தோடு அவருக்கு ஓய்வு. அடுத்து வந்த இடக்கைக்காரர் ரயன் யார்ப்ரோ ஆறு இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். ரேய்ஸ் ஜெயித்தது. மறுநாள் ஆட்டத்தையும் தொடங்கியவர் யார்? அதே ரோமோ!

இதில் என்ன விநோதம் என்பது புரிய, வழக்கம் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். கிரிக்கெட்டில் பந்துவீச்சாளரை நிறுத்திவைத்துவிட்டுச் சில ஓவர் கழித்து மறுபடி கூப்பிடலாம். பேஸ்பாலில் ஆட்டத்தை விட்டு வெளியே போனவர் அன்றைக்குத் திரும்பி வர முடியாது. அதனால் ஒவ்வொரு மாற்றமும் திரும்பப் பெற முடியாத முடிவு. பொதுவாக ஒரு அணியில் ஐந்து தொடக்க பிட்சர்கள் இருப்பார்கள். முறைவைத்து ஆளுக்கொரு ஆட்டம் தொடங்கி, ஐந்தாறு இன்னிங்ஸ் தாங்குவார்கள். பிறகு ‘புல்பென்’ எனப்படும் பகுதியில் காத்திருக்கும் ரிலீவர்கள் வருவார்கள். கடைசி இன்னிங்ஸ் ‘குளோசர்’ கையில்.

இந்த ஏற்பாட்டை ஒரு மேனேஜர் கலைத்துப்போடும்போது ஏன் கலைக்கிறார் என்று ஊகிப்பதில்தான் ரசனை தொடங்குகிறது.

முதலில் பேட்டிங் வரிசையைப் பாருங்கள். ஒன்பது பேர் சுற்றிச் சுற்றி வருவார்கள். சிறந்த பேட்டர்களை எல்லா அணிகளும் மேலே வைப்பதால், முதல் இன்னிங்ஸில் அவர்கள் வந்தே தீருவார்கள். சராசரியாக அதிக ரன் விழும் இன்னிங்ஸ் அதுதான். இன்னொரு உண்மை: ஒரே பிட்சரை ஒரே நாளில் மூன்றாவது முறை சந்திக்கும்போது பேட்டர்கள் நன்றாக அடிக்கிறார்கள். பந்து வரும் விதம் அவர்களுக்குப் பழகிவிடுகிறது, பிட்சரும் களைத்திருப்பார்.

இந்த இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்த்தால் ரேய்ஸ் மேனேஜர் கெவின் கேஷின் கணக்கு விளங்கும். ஏஞ்சல்ஸ் வரிசையின் தலைப்பகுதியில் வலக்கை பேட்டர்கள். வலக்கைக்காரரான ரோமோவின் ‘ஸ்லைடர்’ எனப்படும் பக்கவாட்டில் வளையும் பந்து அவர்களுக்குத் தொல்லை. அவர்களை அவர் ஒருமுறை சமாளித்துவிட்டால், யார்ப்ரோ வரிசையின் நடுவிலிருந்து தொடங்கலாம். வலுவான பேட்டர்களை அவர் மூன்றாம் முறை சந்திக்கும் நேரம் தள்ளிப்போகும். இப்படித் தொடங்கிவைத்துவிட்டு ஒதுங்குபவருக்கு ‘ஓபனர்’ என்று பெயர் வந்தது. அன்று அவுட்டான ஏஞ்சல்ஸ் வீரர் சாக் கோசார்ட் இது ஆட்டத்துக்கு நல்லதில்லை என்று வெளிப்படையாகவே முணுமுணுத்தார். ஆனால் அந்த ஆண்டு ரேய்ஸ் 90 ஆட்டங்களை வென்றது. அணியின் ஒவ்வொரு வெற்றியும் ஒரு பிட்சரின் பெயரில் எழுதப்படும்; ஆறே ஆறு ஆட்டங்களைத் தொடங்கிய யார்ப்ரோவின் கணக்கில் 16 வெற்றிகள்.

அடுத்து, கைகளைக் கவனியுங்கள். இடக்கை பிட்சரை எதிர்கொள்ள வலக்கை பேட்டரும், வலக்கை பிட்சரை எதிர்கொள்ள இடக்கை பேட்டரும் வசதி. எதிரணி யாரை அனுப்புகிறது என்று பார்த்துத்தான் பேட்டிங் வரிசையே எழுதப்படுகிறது. அப்படியானால் பொய்யாக ஒருவரை அனுப்பினால்?

1924 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் வாஷிங்டன் செனட்டர்ஸ் அணியின் மேனேஜர் பக்கி ஹாரிஸ் அதைத்தான் செய்தார். வலக்கை பிட்சர் கர்லி ஆக்டனைத் தொடக்கத்தில் இறக்கினார். நியூயார்க் ஜயன்ட்ஸ் மேனேஜர் ஜான் மெக்ரா அதை நம்பி, இடக்கை பேட்டர் பில் டெர்ரியை வரிசையில் சேர்த்திருந்தார். ஆக்டன் சந்தித்தது இரண்டே பேட்டர்களை. உடனே அவரை வெளியேற்றிவிட்டு, இடக்கைக்காரர் ஜார்ஜ் மோக்ரிட்ஜைக் கொண்டுவந்தார் ஹாரிஸ். ஆட்டத்தின் நடுவில் மெக்ரா வேறு வழியின்றி டெர்ரியை வெளியே எடுத்ததும், மறுபடி வலக்கை பிட்சர் வந்தார். ஒன்பதாவது இன்னிங்ஸில் நுழைந்த வால்டர் ஜான்சன் நான்கு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீச, 12ஆவது இன்னிங்ஸில் வாஷிங்டன் 4-3 என்று வென்றது.

அந்தப் பழைய தந்திரம் 2018இல் மறுபடி மேடை ஏறியது. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு எதிரான தேசிய லீக் இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் மில்வாக்கி மேனேஜர் கிரெய்க் கவுன்செல், இடக்கைக்காரர் வேட் மைலியைத் தொடங்கவிட்டார். டாட்ஜர்ஸ் வலக்கை பேட்டர்களை அடுக்கியிருந்தது. ஒரே பேட்டர், ஐந்தே பந்துகள். மைலி வெளியே, வலக்கைக்காரர் பிராண்டன் உட்ரஃப் உள்ளே! அடுத்த ஆட்டத்தையும் மைலியே தொடங்கினார். இவ்வளவு செய்தும் அந்த ஐந்தாவது ஆட்டத்தில் டாட்ஜர்ஸ்தான் ஜெயித்தது. தொடரும் ஏழாவது ஆட்டத்தில் அவர்களுக்கே போனது.

தோற்ற சோதனைகளும் ரசிக்கத் தக்கவை. டோனி லா ரூசா என்ற மேனேஜர், டென்னிஸ் எக்கர்ஸ்லியைக் கடைசி இன்னிங்ஸுக்கென்றே ஒதுக்கி, இன்றைய குளோசர் முறைக்கு வழி வகுத்தவர். அவரே 1993இல் ஓக்லாந்து அணியில் இன்னும் ஒரு படி மேலே போனார். மூன்று மூன்று பேராகக் குழு பிரித்து, ஒரு குழு ஒரு ஆட்டத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்றார். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. காரணங்களில் ஒன்று விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது: தொடக்க பிட்சர் ஐந்து இன்னிங்ஸ் வீசாவிட்டால் வெற்றி அவர் பெயரில் சேராது. வெற்றிக் கணக்கை வைத்துச் சம்பளம் பேசிய காலம் அது.

2012இல் கொலராடோ ராக்கீஸ் வேறு வழி பார்த்தது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள டென்வரில் காற்று அடர்த்தி குறைவு. பந்து தூரம் பறக்கும், வளைவு குறையும். ஐந்து தொடக்க பிட்சர்களுக்குப் பதில் நான்கு பேர், ஒருவருக்குச் சுமார் 75 பந்துகள் என்று வரம்பு வைத்தார்கள். அந்த ஆண்டு 98 தோல்விகள். யோசனை கெட்டதா, பிட்சர்கள் சுமாரா என்று ரசிகர்கள் வாதாடலாம்.

வாதம் இன்னும் ஓயாத ஆட்டம் 2020 உலகத் தொடரின் ஆறாவது. ரேய்ஸ் 1-0 என்று முன்னிலை. அதன் தொடக்க பிட்சர் பிளேக் ஸ்னெல் 73 பந்துகளில் ஒன்பது ஸ்ட்ரைக்அவுட் எடுத்திருந்தார். டாட்ஜர்ஸின் முதல் மூன்று பேட்டர்களும் அவரிடம் தலா இரண்டு முறை ஸ்ட்ரைக்அவுட் ஆகியிருந்தனர். ஆறாவது இன்னிங்ஸில் ஒரு சிங்கிள் விழுந்தது. பேட்டிங் வரிசையின் மூன்றாவது சுற்று தொடங்க, கெவின் கேஷ் பிட்சர் நிற்கும் மேட்டை நோக்கி நடந்தார், ஸ்னெல் வெளியேறினார். வந்தவர் நிக் ஆண்டர்சன். டாட்ஜர்ஸின் மூக்கி பெட்ஸ் டபுள் அடித்தார். சில நிமிடங்களில் டாட்ஜர்ஸ் 2-1 என்று முந்தியது. இறுதியில் 3-1, கோப்பையும் அவர்களுக்கே. மூன்றாவது சுற்று பற்றிய புள்ளிவிவரம் பொய்யில்லை. ஆனால் அது சராசரி பிட்சரின் கணக்கு; அன்றைய ஸ்னெல் சராசரி பிட்சர் இல்லை. ஆண்டர்சனோ முந்தைய பல ஆட்டங்களில் தொடர்ந்து ரன் கொடுத்து வந்தவர்.

விதிகளும் இந்த விளையாட்டுக்குள் நுழைந்துவிட்டன. 2020 முதல், உள்ளே வரும் பிட்சர் குறைந்தது மூன்று பேட்டர்களைச் சந்திக்க வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸை முடிக்க வேண்டும். காயம், உடல்நலக் குறைவு மட்டும் விலக்கு. 1924இன் தந்திரத்தை இன்று அப்படியே செய்ய முடியாது. 2022 முதல், 26 பேர் கொண்ட அணியில் பிட்சர்கள் 13 பேருக்கு மேல் கூடாது. ஆனாலும் 2024 பிளேஆஃபில் (வழக்கமான பருவம் முடிந்தபின் நடக்கும் வெளியேற்றச் சுற்றுகள்) டாட்ஜர்ஸ் எட்டு பிட்சர்களை மாற்றி மாற்றி இறக்கி, சான் டியாகோ பாட்ரேஸை 8-0 என்று வீழ்த்தியது.

புதிதாகப் பார்க்க நினைப்பவர்கள் அக்டோபரில் தொடங்குவது நல்லது. வழக்கமான பருவத்தில் நாளைய ஆட்டத்துக்கும் ஆள் மிச்சம் வைக்க வேண்டியிருக்கும். பிளேஆஃபில் மேனேஜர்கள் துணிவார்கள். அமெரிக்காவின் மாலை நேர ஆட்டங்கள் நமக்கு விடியற்காலையில் வரும். பேட்டிங் வரிசையை ஒரு தாளில் எழுதி, யார் எந்தக் கை, எத்தனையாவது சுற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். கேமரா புல்பென் பக்கம் திரும்பி, யாரோ தயாராவதைக் காட்டும்போது, ‘நான் மேனேஜராக இருந்தால் இப்போது மாற்றுவேனா?’ என்று முடிவு செய்துவிடுங்கள். அடுத்த பந்து விழுவதற்குள் செய்ய வேண்டும். விழுந்த பிறகு யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.