பாடு முறையும் பண்ணை இறாலும்

இயற்கை வழியிலும் இரசாயன உரத்திலும் விளையும் காய்கறிகளின் இலாபத்தை ஒப்பிடுவோர், விளைச்சலையும் சந்தை விலையையும் கணக்கில் கொள்கின்றனரே அன்றி, மண்ணும் நிலத்தடி நீரும் தேய்வதைப் பெரும்பாலும் கணக்கிற்கு வெளியே விட்டுவிடுகின்றனர். தேயும் வளத்தைக் கணக்கில் சேர்க்காமல் இலாபத்தை அளக்கலாமா என்ற இதே கேள்வி, பழவேற்காடு ஏரியில் இறாலை முன்னிட்டு எழுந்தது. ஒருபுறம் மீனவச் சமூகமான பட்டினவரின் குப்பங்களில் வழங்கும் ‘பாடு’, அதாவது ஏரியின் குறிப்பிட்ட நீர்ப்பரப்புகளில் வலை கட்டும் உரிமையைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஊர் ஏற்பாடு; மறுபுறம் 1990களில் கிழக்குக் கரையெங்கும் பரவிய செறிவு இறால் வளர்ப்பு, அதாவது குஞ்சுகளைக் குளத்தில் நெருக்கமாக விட்டு, வாங்கிய தீவனத்தையும் காற்றூட்டும் பொறிகளையும் கொண்டு வளர்த்தெடுக்கும் தொழில்.

கடலில் பிறந்த இறால் குஞ்சு முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து, அங்கேயே மேய்ந்து வளர்ந்து, கடலுக்குத் திரும்பும் வழியில் வலையில் விழுவதால், பாடு உடையவருக்குத் தீவனச் செலவும் மின்செலவும் இல்லை. வலை, கழி, படகு, இரவெல்லாம் கண்விழிப்பு ஆகியவையே அவர் முதல். பண்ணையின் விளைச்சல் இதைவிடப் பன்மடங்கு என்பதை மறுக்க இயலாது. ஆனால் அதன் தீவனத்திலுள்ள மீன்தூளுக்காகக் கடலின் சிறுமீன்கள் அரித்தெடுக்கப்படுகின்றன, கழிவுநீர் பொது நீர்நிலையில் கலக்கிறது, உவர்நீர் அயல் வயல்களில் கசிகிறது. இவற்றின் விலையைப் பண்ணை உரிமையாளர் தருவதில்லை, குப்பத்தாரும் உழவரும் தருகின்றனர். இறால் பண்ணைகளுக்கு எதிராகச் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், சேதம் வருவாயை மிஞ்சுகிறது என்ற தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் கணக்கைக் கருத்தில் கொண்ட உச்ச நீதிமன்றம், சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைகளை அமைக்கக் கூடாதென 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பளித்தது. வெண்புள்ளி நோய் பரவிக் குளம் குளமாக இறால் செத்ததும் அதே பத்தாண்டில்தான்.

இதனால் பாடு குறையற்றது என்றாகிவிடாது. ஒரு நாளில் வலை கட்டுவோர் தொகையை அது கட்டுப்படுத்துகிறது. ஆனால் உரிமையுள்ள குடும்பங்கள் பெருகப் பெருக, ஒவ்வொருவருக்கும் முறை வரும் நாள் தள்ளிப்போகிறது. முகத்துவாரம் மணலால் தூர்ந்த ஆண்டுகளிலோ குஞ்சு வரத்தே குன்றிவிடுவதால், முறை கிடைத்தும் வலை வெறுமையாகவே ஏறுகிறது. இவற்றினும் பெரிய குறை, முறையில் இடம்பெறுவோர் யார் என்பதிலேயே உள்ளது. பாடு மரபில் பட்டினவ ஆண்களின் உரிமை. இடுப்பளவு உவர்நீரில் குனிந்து, பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு வலையும் இல்லை, படகும் இல்லை. வள நுகர்வை அளவுகோலாகக் கொண்டால் ஏரியில் இவர்களது பிடிப்பைக் காட்டிலும் சிக்கனமானது வேறில்லை. ஆயினும் சீட்டுப் போடும் நாளில் அவர்கள் பெயர் அதில் எழுதப்படுவதில்லை.