அனுப்புநர் முகவரி

திண்டிவனத்திலிருந்து தெற்கே வரும் ரயிலுக்கு விழுப்புரம் ஜங்ஷனில் நான்கு வழிகள்: விருத்தாசலம் போய்த் திருச்சி, கடலூர் போய் மயிலாடுதுறை, கிழக்கே புதுச்சேரி, திருவண்ணாமலை தாண்டிக் காட்பாடி. எந்த வண்டி எந்தப் பக்கம் என்பது கால அட்டவணையில் முன்பே எழுதியாயிற்று. நெட்வொர்க் சுவிட்சுக்கு அந்த வசதி இல்லை. கல்லூரி லேப் மூலையில் பச்சை விளக்குகள் மினுக்கும் அந்தப் பெட்டிக்கு, மின்சாரம் வந்த நொடியில் ஒரு கணினியையும் தெரியாது. அது தெரிந்துகொள்ளும் விதத்தில்தான் நயம் இருக்கிறது.

கணினி அனுப்பும் ஒவ்வொரு ஃபிரேமின், அதாவது தரவுத் துண்டின், தலைப்பிலும் இரண்டு மேக் முகவரிகள் உண்டு: பெறுநர், அனுப்புநர். ஒவ்வொன்றும் 48 பிட். சுவிட்ச் பெறுநரைப் பார்த்து வழி அனுப்புகிறது. பாடம் படிப்பதோ அனுப்புநரிடம். மூன்றாம் போர்ட்டில் வந்த ஃபிரேமை அனுப்பியவர் யாரோ, அவர் இருப்பது அந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்கிறது. யாரிடமும் விசாரிப்பதில்லை. பெறுநர் இன்னும் வாய் திறக்காதவரா? வந்த போர்ட்டை விட்டு மற்ற எல்லாவற்றிலும் ஃபிரேமை விடுகிறது. அவர் பதில் சொன்னதும் அவர் இடமும் பதிவாகிவிடும். அடுத்தது நேரே அவருக்குத்தான்.

மறதியும் அழகு. வழக்கமாக 300 வினாடி பேச்சில்லையென்றால் குறிப்பு அழிகிறது. லேப்டாப்பை வேறு மேசைக்கு மாற்றினால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். புது போர்ட்டில் அது அனுப்பும் முதல் ஃபிரேமே பழைய குறிப்பைத் திருத்திவிடும்.

விழுப்புரத்தில் பிரியும் விருத்தாசலம் பாதையும் மயிலாடுதுறைப் பாதையும் திருச்சியில் மறுபடி கூடுகின்றன. ரயிலுக்கு அது சௌகரியம், சுவிட்சுக்கு ஆபத்து. இரண்டு சுவிட்சுகளுக்கிடையே இரண்டு கேபிள் போட்டால், எல்லாருக்குமான பிராட்காஸ்ட் ஃபிரேம் ஒன்று ஓயாமல் சுற்றி நெட்வொர்க்கையே முடக்கும். ஐபி பாக்கெட்டுக்கு உள்ள ஆயுள் எண் ஈதர்நெட் ஃபிரேமுக்குக் கிடையாது. 1985-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் ரேடியா பெர்ல்மன் வகுத்த ஸ்பானிங் ட்ரீ முறை இதைத் தீர்த்தது. விலை மலிந்த சின்னப் பெட்டிகளில் பெரும்பாலும் இது இருக்காது. இந்த முறை உள்ள சுவிட்சுகள் தமக்குள் சிறு செய்திகளைப் பரிமாறி, ஒன்றைத் தலையாக ஏற்று, மிகையான வழியை மூடிவைக்கின்றன. மூடிய போர்ட் தரவை வாங்காது. ஆனால் அந்தச் செய்திகளுக்கு மட்டும் காதைத் திறந்தே வைத்திருக்கும். ஓடிக்கொண்டிருந்த கேபிள் அறுந்தால் தானே திறந்துகொள்ளும். முழு வரைபடம் எந்தப் பெட்டியிடமும் இல்லை. பக்கத்துப் பெட்டி சொல்வதை மட்டும் நம்பியே எல்லாமாகச் சேர்ந்து சுற்றில்லாத பாதையைப் போட்டுவிடுகின்றன.