சான்றும் நம்பிக்கையும்: 'புறூவ்' திரைப்படம் பற்றிய ஒரு நோக்கு

விழிப்புலனற்றோரைப் பாத்திரங்களாகக் கொள்ளும் திரைப்படங்கள் பெரும்பாலும் பார்வையாளரின் இரக்கத்தையோ வியப்பையோ வேண்டி நிற்பன. அவுஸ்திரேலியரான ஜோசலின் மூர்ஹவுஸ் எழுதி நெறிப்படுத்திய 'புறூவ்' (1991) இவ்விரண்டையும் மறுக்கின்றது. 'சான்று' எனப் பொருள்படும் தலைப்பே அதன் வினாவை உணர்த்தும்: பிறர் கண்கொண்டு உலகை அறியவேண்டிய ஒருவன் அப்பிறரை எவ்வாறு நம்புவது?

மெல்பேர்ணில் வாழும் மார்ட்டின் (ஹியூகோ வீவிங்) பிறவியிலேயே பார்வையற்றவன். ஆயினும் புகைப்படம் எடுக்கின்றான். பிறரைக் கொண்டு படங்களை விவரிக்கச் செய்து, அவ்விவரணங்களைப் பிரெயிலிற் பொறித்து அவற்றில் ஒட்டுகின்றான். சிறுவயதில் யன்னலருகே நின்று தாய் கூறிய தோட்டக் காட்சி பொய்யோ என்ற ஐயமே இப்பழக்கத்தின் ஊற்று.

இதனை வெறும் உளவியற் சிக்கலாகக் கொண்டு அமைதல் போதாது. மார்ட்டினைச் சூழ்ந்த உறவுகளின் சமூகத் தன்மையையும் நாம் நோக்குதல் வேண்டும். வீட்டைப் பராமரிக்கும் சீலியா (ஜெனவீவ் பிக்கொட்) கூலிக்கு உழைப்பவள், அவனை விரும்புபவள், தளபாடங்களை இடம்மாற்றி வைத்து அவனை அலைக்கழிப்பவளும் அவளே. அவளது விருப்பத்தை ஏற்காது, அதேவேளை வேலையினின்று நீக்காதும் வைத்திருப்பதன் மூலம், அவள்மீது தான் இரக்கங்கொள்ளும் நிலையை மார்ட்டின் பேணிக்கொள்கின்றான். இரக்கம் இங்கு அதிகாரத்தின் மறுபெயராகின்றது. மாறாக, உணவகத்திற் பாத்திரங் கழுவும் அன்டி (றசல் குறோ) கூலியின்றியே படங்களை விவரிக்கின்றான். அவனிடமே நம்பிக்கை முளைக்கின்றது. ஆயின் சீலியாவின் பொருட்டு அவனும் ஒருமுறை பொய்யுரைக்கின்றான்.

படத்தின் சிறப்பு இங்கேயே தங்கியுள்ளது. புகைப்படம் தானாக எதனையும் நிறுவுவதில்லை. அதனை மெய்யாக்குதற்கும் ஒரு மனிதனின் சொல் வேண்டும். தாய் கூறியது மெய்யே என்பதை, பொய்யுரைத்த அதே நண்பனின் வாயிலாகவே மார்ட்டின் இறுதியில் அறிகின்றான். நம்பிக்கை சான்றின் விளைவன்று. சான்றுக்கு அதுவே முன்நிபந்தனை. இவ்வுண்மை பார்வையுடையோர்க்கும் பொருந்துவதாகும்.

எனினும் ஒரு குறையைச் சுட்டாதிருத்தல் இயலாது. நட்பு மீளும்பொழுது சீலியா வேலையினின்று நீக்கப்படுகின்றாள். அவளது கொடுமையை நுணுக்கமாகக் காட்டிய நெறியாளர், அவளை அந்நிலைக்குத் தள்ளிய எசமான–பணியாள் உறவை அதேயளவு ஆராயவில்லை. இரு ஆடவர் நட்பின் விலையை உழைக்கும் பெண்ணொருத்தியே செலுத்துகின்றாள். நம்பிக்கையை மனிதவுறவாகக் கண்ட இப்படம், சமத்துவமின்றி அது முழுமைபெறாது என்னும் அடுத்த படியை எட்டாது நின்றுவிடுகின்றது.