மோட்டார் வண்டியும் திணை வழுவும்

வர்க்கம் என்ற சொல்லை நாம் எழுதினால் முகம் சுளிப்போர் பலர். கலை இலக்கியத்தில் அதற்கு என்ன வேலை என்பர். மோட்டார் வணிகருக்கோ அத்தகைய கூச்சம் கிடையாது. வண்டிகளை வர்க்கம் வர்க்கமாகப் பிரிக்காமல் அவர்களது தொழில் ஒருநாளும் நடைபெறாது. அவ்வாறான பட்டியல் ஒன்றை, செய்யுளைப் படிப்பது போலச் சொல் சொல்லாகப் படித்துப் பார்ப்போம்.

1999 ஆம் ஆண்டில், கொரியக் கம்பனிகளாகிய ஹியுண்டாய், கியா இரண்டும் இணைவதை ஆராய்ந்த ஐரோப்பிய ஆணைக்குழு, தனது தீர்மானத்தில் வண்டிகளை எழுத்துக்களால் வகுத்துக் காட்டியது. 'ஏ' மிகச் சிறியது, 'பி' சிறியது, 'சி' நடுத்தரமானது, 'டி' பெரியது. இதுவரை அளவுகோல் கையில் இருக்கிறது. அடுத்த 'ஈ' மிகப் பெரியது என்றே எவரும் எதிர்பார்ப்பர். அன்று, அது 'நிர்வாகி' வண்டி. அதற்கும் மேலுள்ள 'எஃப்' ஆடம்பர வண்டி. நான்காம் படிவரை இரும்பை அளந்த கை, ஐந்தாம் படியில் அளவுகோலைக் கீழே போட்டுவிட்டு ஆளின் உத்தியோகத்தை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறது.

நமது இலக்கணகாரர் இதனைத் திணை வழு என்பர். அஃறிணையை உயர்திணையாகக் கூறுவதற்கும் அவர்கள் இடங்கொடுத்ததுண்டு. உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகிய காரணம் பற்றி வருமாயின் அது வழுவமைதி. வணிக இலாபம் அக்காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்படவில்லை. (எமது வகுப்பிலே இதைக் கூறியபோது, "உயர்வு என்பதிலே அதுவும் அடங்காதா, சேர்?" என்று கேட்டான் ஒரு மாணவன். அடங்கும் போலத்தான் இருக்கிறது!)

ஆணைக்குழுவைக் குறைகூறுவது நியாயமாகாது. இவ்வகுப்புக்களின் எல்லைகள் மங்கலானவை என்றும், விலை, வணிகச் சின்னத்தின் மதிப்பு, மேலதிக உபகரணங்கள் என்பனவும் அவற்றைக் குழப்புகின்றன என்றும் அதுவே ஒப்புக்கொண்டுள்ளது. சந்தை பேசும் பாஷையை அது எழுதி வைத்தது, அவ்வளவே.

அப்படியாயின் எண்ணால் மட்டும் அளந்துவிடலாமே எனின், அதற்கும் உதாரணம் உண்டு. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் காரின் உள்ளிடத்தைக் கன அடியில் அளக்கிறது. 120 கன அடியும் அதற்கு மேலுமாயின் பெரியது. 110 முதல் 120 வரை நடுத்தரம். விலை பற்றிய பேச்சே இல்லை. நேர்மையான முறை. ஆனால் அதே நாட்டில், 1975 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த எரிபொருள் விதிகள் பயணிகள் காரையும் இலகுரக லொறியையும் வேறாக்கி, லொறிக்கு இளக்கம் காட்டின. விளைவு? குடும்பத்தைக் கடைத்தெருவுக்கு ஏற்றிச் செல்லும் வண்டிகள் பல சட்டத்தின் முன் லொறிகளாயின. 2000 இல் கிறைஸ்லர் கம்பனி விற்பனைக்கு விட்ட பி.டி. குரூசர் பார்வைக்கும் பாவனைக்கும் கார். பின் ஆசனங்களைக் கழற்றித் தட்டையான தளமாக்கலாம் என்பதால் எரிபொருட் கணக்கில் லொறி. இந்த இளக்கத்தால் மேலதிகமாக எரிந்த பெற்றோலின் புகை, வண்டியில் ஏறியவர் ஏறாதவர் என்று பேதம் பார்ப்பதில்லை.

இந்தியாவில் கதை இன்னும் சுவையானது. 2006 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம், நான்கு மீற்றர் நீளத்துக்கு உட்பட்ட சிறிய எஞ்சின் கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தது. மாருதியின் டிசையர் 2012 இல் வால் குறுகி 3,995 மில்லிமீற்றர் ஆயிற்று. கோட்டுக்கு இப்பால் ஐந்தே மில்லிமீற்றர்! வண்டியை அளந்து வகுப்பு அமைப்பது போய், வகுப்பை அளந்து வண்டி வெட்டப்படுகிறது.

அந்நாட்டிலேதான் டாட்டா நானோவும் பிறந்தது. ஒரு ஸ்கூட்டரில் நால்வராக நெருங்கிச் செல்லும் குடும்பத்துக்கென ஒரு லட்சம் ரூபாய்க் கார் என்று 2008 இல் அறிமுகமாயிற்று. சிங்கூர் நிலப் பிரச்சினையால் நேர்ந்த தாமதமும், சில வண்டிகள் தீப்பற்றிய செய்தியும் அதைப் பாதித்தமை உண்மை. எனினும் பெரிய அடி அதன் பெயரால் விழுந்தது. 'உலகிலேயே மலிவான கார்' என்றார்கள். 'ஈ' எழுத்துக்காரனை நிர்வாகி என்று வாழ்த்திய அதே வாய், ஸ்கூட்டர்க்காரனை இவ்வாறு அழைத்தது. ஏழை என்ற விளம்பரப் பலகையைத் தானே வாசலில் நிறுத்திவைக்க எவன் விரும்புவான்? அப்பெயர் ஒட்டிக்கொண்டதில் தமது கம்பனியின் விளம்பரத்துக்கும் பங்குண்டு, அது வருந்தத்தக்கது என்று ரத்தன் டாட்டாவே பின்னாளில் கூறினார். 2018 இல் உற்பத்தி ஓய்ந்தபோதும் அவ்வண்டிக்கு அந்தப் பெயரே நிலைத்திருந்தது.