மனு என்னும் பிரதி: ‘தாழ்மையுடன்’ என்ற சொல்லை முன்வைத்து

எங்கள் தெருவில் எம்.ஏ. தமிழ் படித்த முதல் ஆள் நான். படித்து முடித்ததும் தெரு எனக்குக் கொடுத்த வேலை மனு எழுதுவது. முதியோர் பென்ஷன், வீட்டுமனைப் பட்டா, தெருவிளக்கு, சாதிச் சான்றிதழ், சுடுகாட்டுப் பாதை என்று இத்தனை வருசத்தில் எழுதியதற்குக் கணக்கில்லை. தலித் இலக்கியம் என்றால் தன்வரலாறு, நாவல், கவிதை என்று பேசுகிறோம். கூட்டம் போடுகிறோம், சண்டை போடுகிறோம். ஆனால் நம் சனங்கள் அதிகமாக எழுதியதும், எழுதச் சொன்னதும், கைநாட்டு வைத்ததும் மனு என்கிற அந்த ஒரு பக்கத் தாளில்தான். அதை ஒரு பிரதியாக எடுத்துவைத்து நாம் விமர்சிப்பதில்லை. இங்கே விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வது நானே எழுதிய ஒரு மனு.

எங்கள் சேரியிலிருந்து சுடுகாட்டுக்கு இரண்டு வழி. ஒன்று ஊர்த்தெரு வழியாகப் போகும் தார் ரோடு. இன்னொன்று வாய்க்காலில் இறங்கி ஏறிப் போகும் வரப்பு. பிணத்துக்கு வரப்பு மட்டும்தான். ஒரு மழைக்காலத்தில் இதற்காக மனு எழுத உட்கார்ந்தேன். ஆயா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, தானே சொல்லுவதாகச் சொன்னாள்.

“மழ பேஞ்சா வாய்க்கால்ல இடுப்பளவு தண்ணி. பொணத்தத் தூக்கிக்கினு எறங்குனா முன்னால போறவனுக்குக் காலு நிக்கல. ஒங்க தாத்தன் பொணம் பாடையோட சாஞ்சி தண்ணில முங்கிப்போச்சி. செத்தவன இன்னொருக்கா சாவடிச்சாங்க. ஊருத்தெருவுல ரோடு கெடக்குது. மாடு போவுது, நாயி போவுது. எங்க பொணம் போனா என்னா? அத எழுது.”

நான் எழுதியது இது: “மழைக்காலங்களில் இறந்தவர்களின் சடலத்தை எடுத்துச் செல்வதில் பெரிதும் சிரமம் ஏற்படுகிறது. எனவே ஐயா அவர்கள் எங்கள் மீது கருணைகூர்ந்து ஆவன செய்யுமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.”

படித்துக் காட்டினேன். ஆயா கேட்டுவிட்டுச் சொன்னாள்: “எல்லாம் நல்லாத்தான் கீது. ஊருத்தெரு எங்கடா?”

ஊர்த்தெரு இல்லை. தாத்தாவும் இல்லை. ‘சிரமம் ஏற்படுகிறது’ என்ற வாக்கியத்தில் சிரமத்தைக் கொடுப்பவர் யார்? யாரும் கிடையாது. அது மழை மாதிரி தானாக வருகிறது. ஆயாவின் பேச்சில் குற்றம் செய்தவர்கள் இருந்தார்கள். என் எழுத்தில் குற்றம் செய்தது மழை. இலக்கணம் படித்த நான் எழுவாயை ஒளித்துவைத்துச் சாதியைக் காப்பாற்றியிருக்கிறேன். ‘ஆவன செய்யுமாறு’ என்பது அதைவிட மோசம். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாத கோரிக்கையை யார் வேண்டுமானாலும் நிறைவேற்றிவிட்டதாகச் சொல்லலாம். அப்படித்தான் பதிலும் வந்தது: மேற்படி மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பிவைக்கப்பட்டுள்ளது. எங்கே அனுப்பினார்கள், என்ன நடவடிக்கை என்று இன்றுவரை தெரியாது.

அப்புறம் ‘தாழ்மையுடன்’. இதை எந்த அதிகாரியும் என்னை எழுதச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தபோதே கைக்கு வந்துவிட்டது. ஊர் நம்மைத் தாழ்த்துவதை எதிர்த்து எழுதும் தாளில், நாமே நம்மைத் தாழ்த்தி ஒரு வரி எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுக்கிறோம்.

தொல்காப்பியத்தில் கேட்பதற்கு மூன்று சொற்கள் உண்டு. தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்டால் ‘ஈ’. சமமானவன் சமமானவனிடம் கேட்டால் ‘தா’. உயர்ந்தவன் கேட்டால் ‘கொடு’. வகுப்பில் இதை மார்க்குக்காகப் படித்தேன். கேட்கிற சொல்லிலேயே கேட்பவனின் இடத்தை நிர்ணயித்துவிடுகிற ஏற்பாடு இது என்று மனு எழுதும்போதுதான் உறைத்தது. நம் மனுக்கள் முழுக்க ‘ஈ’ என்பதன் விரிவுரை. ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆளிடம் கேட்கும்போதும் அதே ‘ஈ’. அவர் நம் பிரதிநிதி. நம்மிடம் கைகூப்பி ஓட்டு வாங்கிப் போனவர். அவரிடம் ‘தா’ என்று கேட்கும் தமிழ் நம்மிடம் இல்லையா?

இருந்தது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பினார். சிவில் சர்வீஸ் பரீட்சையை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்த காலம். அப்படி நடத்தினால் பதவியெல்லாம் சாதி இந்துக்கள் கைக்குப் போகும், அந்த அதிகாரத்தின் கீழ் நாங்கள் நசுங்குவோம் என்பது அந்த மனுவின் வாதம். 112 அடி நீளம், 3412 கையெழுத்து. அது உதவி கேட்கவில்லை, அரசியல் பேசியது. நாட்டின் ஆட்சி எப்படி அமைய வேண்டும் என்பதில் எங்களுக்கும் கருத்து உண்டு என்றது. சேரிக்காரன் பொதுத்தெருவில் நடக்க முடியாத காலத்தில், கடல் தாண்டிச் சட்டம் செய்கிறவர்களிடம் போய்ச் சேர்ந்த தாள் அது. அதன் வாரிசுகள் நாம் ‘கருணைகூர்ந்து’ என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பின்னர் சென்னை சட்டசபையில் உறுப்பினரான அவர், பொதுச்சாலை, கிணறு, குளம், பொதுக் கட்டடம் எல்லாவற்றிலும் எல்லா வகுப்பாருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்து நிறைவேற்றினார். நூறு வருசம் தாண்டிவிட்டது. ஆனால் 2016 ஜனவரியில், மயிலாடுதுறைப் பக்கம் திருநாள்கொண்டச்சேரியில், இறந்துபோன ஒரு தலித் முதியவரின் உடலைப் பொதுப்பாதையில் எடுத்துப்போக உயர்நீதிமன்றம் உத்தரவிட்டும் நடக்கவில்லை. போலீசே உடலை வேறு வழியில் எடுத்துப்போனது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, வழி மறுக்கப்பட்டதால் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிப் பிணத்தை இறக்கினார்கள். அந்தக் காட்சியை நாடே பார்த்தது. என் தாத்தா வாய்க்காலில் முங்கியதை யாரும் படம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியானால் தீர்மானத்தால் என்ன பிரயோசனம் என்று கேட்கலாம். பம்பாய் சட்டசபையில் 1923இல் போலே கொண்டுவந்த தீர்மானம் பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதாருக்குத் திறந்துவிட்டது. மகாட் நகராட்சியும் அதை ஏற்றது. ஆனால் சவுதார் குளத்தில் யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. 1927 மார்ச்சில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய்க் கையால் அள்ளிக் குடித்தபோதுதான் அந்தத் தீர்மானம் உயிர்பெற்றது. ஆனால் அந்தத் தீர்மானம் கையில் இருந்ததால்தான், போனது தங்கள் உரிமைக்கு என்று சொல்ல முடிந்தது. தாளும் காலும் சேர்ந்து போக வேண்டும். ஒன்றை விட்டு ஒன்று போனால் பாதி வழியில் நின்றுவிடும்.

நம் தோழர்கள் சிலர் மனு என்றாலே முகம் சுளிக்கிறார்கள். மனு கொடுப்பது பிச்சை, மனுநீதியிடமே மனுவா என்கிறார்கள். அந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டது, எரிக்கப்பட்ட வீடுகளுக்கு நிவாரணம் கேட்டு மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பஸ்சில் திரும்பும் வழியில். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லை ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்டியதில் தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். வெறும் பிச்சைக்காகப் போனவர்களாக இருந்தால் அவர்களைக் கொல்ல வேண்டிய அவசியம் என்ன? கூட்டமாக, உரிமையாகக் கேட்கப் போனார்கள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. செத்தவர்கள் தூக்கிப்போன தாளை நாம் இளக்காரமாகப் பேசக் கூடாது.

இன்னொரு வாதம், தனித்தொகுதி எம்.எல்.ஏ. ஊமை என்பது. 234இல் 44 தொகுதி நமக்கு ஒதுக்கப்பட்டது. அந்த 44 பேரும் என்ன பேசினார்கள்? நியாயமான கேள்விதான். 1932 பூனா ஒப்பந்தத்தால் வந்த கூட்டுத் தொகுதியில் அவரைத் தேர்ந்தெடுப்பதில் ஊர் ஓட்டுக்கும் பங்குண்டு. அவர் ஊரைக் கண்டு பயப்படுகிறார். ஆனால் ஒரு உண்மையையும் ஒத்துக்கொள்ள வேண்டும். நம்மைக் கண்டு பயப்பட நாம் அவருக்கு ஒரு காரணமும் கொடுக்கவில்லை. அஞ்சு வருசத்துக்கு ஒருதரம் ஓட்டு, நடுவில் கல்யாணப் பத்திரிகை, பென்ஷன் சிபாரிசு. இதற்கு மேல் அவரிடம் நாம் கேட்டதென்ன?

கேட்பதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் 17ஆம் விதி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் விழிக்கண் கண்காணிப்புக் குழு வேண்டும் என்கிறது. மாவட்டத்தின் எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் எல்லாரும் அதில் உறுப்பினர்கள். தனித்தொகுதி எம்.எல்.ஏ. மட்டுமல்ல, பொதுத்தொகுதி எம்.எல்.ஏ.வும்தான். குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். 2015இல் சட்டத்தைத் திருத்தி, பொதுப்பாதையையும் சுடுகாட்டையும் மற்றவர்களைப் போலப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றமாக 3ஆம் பிரிவில் வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறார்கள். ஆக, என் ஆயா சொன்னது சட்டத்தின் வாசகம். நான் எழுதியதுதான் சட்டத்தில் இல்லாதது.

சட்டம் செய்கிறவர்கள் சாதாரண சனங்களுக்கு அசைய மாட்டார்கள் என்பதும் பொய். 2018 மார்ச் 20 அன்று உச்சநீதிமன்றம் இதே சட்டத்தை நீர்த்துப்போகச் செய்து தீர்ப்பு சொன்னது. ஏப்ரல் 2 அன்று நாடு முழுக்க, குறிப்பாக வட மாநிலங்களில், தலித் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். பலர் உயிரைக் கொடுத்தார்கள். அதே ஆகஸ்டில் பாராளுமன்றம் 18-ஏ பிரிவைச் சேர்த்துச் சட்டத்தை மீட்டது. 2020இல் உச்சநீதிமன்றமும் அதை ஏற்றது. அங்கே யாரும் தாழ்மையுடன் கேட்கவில்லை.

அதனால் மனுவின் வடிவத்தை மாற்றி எழுத வேண்டும் என்கிறேன். என்ன நடந்தது, யார் தடுத்தது, எந்த நாள் என்று எழுவாயோடு எழுத வேண்டும். சட்டத்தின் பெயர், பிரிவு, விதி எழுத வேண்டும். கடைசியில் கெஞ்சலுக்குப் பதில் கேள்வி இருக்க வேண்டும்: 17ஆம் விதிக் குழு கடைசியாக எந்தத் தேதியில் கூடியது? நீங்கள் போனீர்களா? எங்கள் பாதை பற்றிப் பேசினீர்களா? சட்டமன்றத்தில் கேள்வி கேட்பீர்களா, மாட்டீர்களா? ஒரே தாளில் இருநூறு கைநாட்டு வாங்காமல் இருபது பேர் இருபது கடிதம் அவரவர் வாய்ச்சொல்லில் எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர் சொல்ல, படிக்கிற பிள்ளைகள் அப்படியே எழுதட்டும், அழகுபடுத்த வேண்டாம். நகலும் ஒப்புகையும் கையில் இருக்கட்டும். பதில் வராவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி ஆட்சியர் அலுவலகத்தில் குழுவின் நடவடிக்கைக் குறிப்பைக் கேளுங்கள். அதற்கு 30 நாள் கெடு உண்டு.

நாங்கள் அப்படி எழுதினோம். ஆயா சொன்னதை ஆயா சொன்னபடியே. பத்து நாளில் எம்.எல்.ஏ. ஆபீசிலிருந்து போன் வந்தது. “தம்பி, ஊருத்தெருன்னு எழுதுனா பிரச்சனையாவும். வாய்க்காலுக்குப் பாலம் வேணும்னு எழுதிக் குடு, முடிச்சிடலாம்.” முதல் மனுவுக்கு வராத போன், பெயர் சொல்லி எழுதியதும் வந்துவிட்டது. ஆனால் தெருவில் சண்டையும் வந்தது. கிடைக்கிற பாலத்தை ஏன் விடணும் என்று பாதிப் பேர். பாலத்தை வாங்கிக்கொண்டால் ஊர்த்தெரு நமக்கில்லை என்று நாமே எழுதிக்கொடுத்த மாதிரி என்று மீதிப் பேர். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அடுத்த மழைக்கு யார் வீட்டில் சாவு விழும் என்று தெரியாதவர்களிடம் கொள்கை பேசுவது சுலபமில்லை. கடைசியில் ஒரு வரி எழுதினோம்: பாலம் அவசரத்துக்கு, பாதை உரிமைக்கு, ஒன்று வந்ததால் மற்றது தீராது.

பாலம் வந்துவிட்டது. பாதைக்குப் பதில் இல்லை. குழு கூடிய தேதி கேட்டு இதுவரை ஏழு கடிதம் போயிருக்கிறது. ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. “நான் போவும்போது எந்தப் பக்கம்டா தூக்கினு போவீங்க?” என்று சிரித்துக்கொண்டே கேட்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டாவது கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். இதைப் படிக்கிறவர்கள் உங்கள் ஊர்ப் பாதைக்காக உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு முதல் கடிதத்தை எழுதுங்கள். ‘தாழ்மையுடன்’ என்ற சொல் வந்தால் அடித்துவிடுங்கள்.